கொடியேற்றத்துக்கு வந்த நண்டு

நான் வீட்டுப் படம் கீறுகிறவள். ஓவியக்காரி என்று யாரும் அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். வீடு கட்டுகிறவர்கள் பிரதேச சபைக்குக் கொடுக்கும் வரைபடத்தைச் சொல்கிறேன். அறை எத்தனை அடி, யன்னல் எத்தனை, மலக்குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி, இவைதான் என் கலை. பணம் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும்; கட்டளை வட்ஸ்அப்பில் வரும். ஐந்து அறை வேண்டும், ஐந்துக்கும் தனித்தனிக் குளியலறை வேண்டும், கீழே ஒரு ஹோல், மேலே ஒரு ஹோல். கட்டி முடித்து, குடிபூரலுக்குப் பால் காய்ச்சி, மாடிப்படியில் வரிசையாக நின்று படம் எடுத்து, இரண்டு கிழமையில் எல்லோரும் விமானம் ஏறிவிடுவார்கள். வீட்டைக் காக்க ஒருவர், கூட்ட ஒருவர், பூமரத்துக்குத் தண்ணீர் விட ஒருவர் என்று ஊரில் மூன்று பேருக்கு வேலை கிடைக்கும்.

நீர்வேலியில் அப்படி ஒரு வீட்டுக்கு மதில் அளக்கப் போனபோதுதான் என் படக்கதை நாயகன் பெரியவீட்டுத் தம்பி கிடைத்தான். சுற்றிவர வாழைத் தோட்டம், நடுவில் மூன்று மாடி. காவல்காரர் முன்படியில் இருந்துகொண்டு, ஒரு பூனைகூட இல்லாத வீட்டுக்கு எல்லா விளக்கும் போட்டாகிவிட்டது என்று போனில் யாருக்கோ பணிவாக அறிவித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதற்குள் எட்டு வயதுப் பெடியன் ஒருவனைத் தனியே விட்டால் என்ன செய்வான் என்று யோசித்தேன். ஐந்து குளியலறையிலும் மாறி மாறிக் குளிப்பான். ஹோலில் சைக்கிள் ஓடுவான். அன்று பின்னேரமே அந்த வரைபடத்தின் பின்பக்கத்தில் அவனைக் கீறிவிட்டேன். குண்டுக் கன்னம், நெற்றியில் சுருட்டை மயிர், எப்போதும் அரைக் காற்சட்டைக்குள் இரண்டு கையும்.

அவனுக்கு வீட்டாட்கள் வேண்டுமல்லவா? சத்தம் கேட்டால் மயங்கி விழும், சமையல் பார்க்கிற குசினிக்காரர் ஒருவரைக் கொடுத்தேன். காரைத் தினமும் கழுவி, போர்ட்டிக்கோவிலிருந்து கேற் வரைக்கும் மட்டும் ஓட்டுகிற, வீதி என்றால் பயப்படுகிற சாரதி ஒருவரைக் கொடுத்தேன். குரோட்டன் செடிகளோடு குடும்ப விஷயம் கதைக்கிற தோட்டக்காரர் ஒருவர். தாயும் தகப்பனும் போனுக்குள் இருப்பார்கள். சாப்பாட்டு நேரம் வந்தால் சாரதி அந்தப் போனை வெள்ளித் தட்டத்தில் வைத்துச் சுமந்துகொண்டு வந்து மேசையின் தலைமாட்டில் நிறுத்துவார். போனுக்குள்ளிருந்து இரண்டு முகமும் ஒவ்வொரு மாதக் கதையிலும் சொல்வது ஒரே வசனம்தான்: "சாப்பிட்டியா தம்பி? சரி, பிறகு எடுக்கிறம்." அந்த ஒரு வசனத்துக்குச் சிறுவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பதை நானே என் கண்ணால் கண்டிருக்கிறேன். எனக்கு அதில் பெரிய புளுகம், தலைகால் தெரியாத சந்தோசம்.

படக்கதை வந்தது ஒரு சிறுவர் மாத இதழில். அதை நடத்தியவர் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர். தானே ஆசிரியர், தானே விநியோகம், விற்காமல் திரும்பி வந்தால் தானே வாசகர். நல்ல மனிதர், ஆனால் முறைப்பாடு என்ற சொல்லைக் கேட்டால் நடுங்குவார். பங்குனி இதழில் பெரியவீட்டுத் தம்பி தன்னுடைய ஒன்பது ரியூசன் ஆசிரியர்களையும் ஒருவருக்கொருவர் பாடம் எடுக்க வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான். ரியூசன் ஆசிரியர்கள் சிலருக்கு அது சுட்டுவிட்டது. இதழ் ஆசிரியருக்குப் போன் மேல் போன். அவர் என்னைக் கூப்பிட்டு, இன்னொரு முறைப்பாடு வந்தால் இவனை நிறுத்திவிடுவேன் என்று, மாணவியைப் பள்ளிக்கூடத்தால் விலத்துகிற குரலில் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுகை வந்தது. பகல் முழுக்க ஆளில்லாத வீடுகளையே கீறுகிற எனக்கு, இருக்கிற ஒரே ஒரு ஆள் அவன்தான்.

அடுத்து நான் கீறியது நண்டுக் கதை. குசினிக்காரர் கொண்டுவந்த உயிர் நண்டு ஒன்று சட்டிக்குள்ளிருந்து தப்பி மாடிப்படி ஏறி, ஹோலைக் கடந்து, வெள்ளித் தட்டத்தில் தொங்கி, போனுக்குள்ளிருந்த தாயின் மூக்குக்கு நேரே கவ்வுக் கொடுக்கைக் காட்டும். வீடே துரத்தும். கடைசிக் கட்டத்தில் பெரியவீட்டுத் தம்பி அதைக் கறியாக்கி, கால்களை ஒவ்வொன்றாக உடைத்து உறிஞ்சுவான். நான் பருத்தித்துறைக்காரி. நண்டு உறிஞ்சுவதைக் கீறச் சொன்னால் கை தானாகவே ஓடும். வைகாசியில் கீறிக் கொடுத்தேன். ஆனி இதழில் வரவேண்டியது. ஆனியில் கடதாசி தட்டுப்பாடு. ஆசிரியர் ஆனி, ஆடி இரண்டு இதழையும் ஒன்றாக்கி நல்லூர்த் திருவிழாச் சிறப்பிதழாக அடித்துவிட்டார். நான், ஆசிரியர், அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் தங்கச்சி, மூன்று பேரும் அந்தப் பக்கத்தைப் பிழை திருத்தினோம். ஒற்றுப்பிழை ஒன்றுகூட விடவில்லை.

நான் நல்லூரில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்கார அக்கா ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விறாந்தையில் கணக்கு ரியூசன் கொடுப்பவர். கொடியேற்றத்துக்கு முதல்நாள் காலை அவர் வீடு கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் ஒழுங்கையில் அன்று கழுவாத வீடு இல்லை. மஞ்சள் தண்ணீர் எல்லாக் கேற்றுக்குக் கீழாலும் ஓடி வீதிக்கு வந்தது. மீன் இறைச்சி சமைக்கிற மச்சச் சட்டிகள் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பின்கொட்டிலுக்குள் ஒளிக்கவேண்டும். இனித் திருவிழா நடக்கிற இருபத்தைந்து நாளும் சைவம், அதற்கென்று வேறு சட்டி. பருத்தித்துறையில் எங்கள் வீட்டில் தேருக்கும் தீர்த்தத்துக்கும்தான் மச்சத்தை நிறுத்துவோம். கடலுக்குப் போகிற வீடு, பிடித்த மீனை யார் சாப்பிடுவது? நல்லூரடிக்கு வந்து எட்டு வருடத்தில் நானும் முழுச் சைவக்காரியாகி, சட்டி கட்ட உதவி செய்கிற அளவுக்குத் தேறியிருந்தேன்.

அப்போதுதான் அச்சகத்திலிருந்து எனக்குரிய பத்துப் பிரதிகள் வந்தன. புது மை வாசம். கை ஈரத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு முதல் பிரதியை அக்காவிடம் கொடுத்தேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நின்றபடியே வாசித்தார். குசினிக்காரர் மயங்கி விழுந்த இடத்தில் சிரித்தார். வெள்ளித் தட்டத்தில் நண்டு தொங்கிய இடத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கடைசிக் கட்டத்துக்கு வந்தவர் சிரிப்பை நிறுத்தி, அட்டையை ஒருமுறை திருப்பிப் பார்த்து, மறுபடி அந்தக் கட்டத்தையே பார்த்தார்.

"தங்கச்சி, நாளைக்குக் கொடியேத்தம். உவன் நண்டெல்லோ சாப்பிடுறான்?"

என் கையில் மச்சச் சட்டிச் சாக்கின் கயிறு இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. அட்டையில் கோபுரம், மேலே 'நல்லூர்ச் சிறப்பிதழ்' என்று கொட்டை எழுத்து, உள்ளே ஒரு பெடியன் நண்டுக் காலை வாய்க்குள் வைத்துக்கொண்டு உலகத்தையே பார்த்துக் கண்ணடிக்கிறான். நாளைக் காலை கோயில் வீதியில் எங்கள் இதழுக்குக் கடை போடுவார்கள். திருநீறு பூசிய பெற்றோர்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பார்கள். முறைப்பாடு ஒன்றா வரும்? ஊரே வரிசையில் வரும்.

ஆசிரியருக்குப் போன் எடுத்தேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு புத்தகத்தை விரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு கத்தத் தொடங்கினார். கத்தி முடித்துவிட்டு, அந்தத் தாளைக் கிழித்துவிடலாம் என்றார். கிழிக்கலாம்தான், ஆனால் அதன் பின்பக்கத்தில் மயிலும் வேலும், நிறந்தீட்டும் போட்டிக்கு. வேலைக் கிழித்துக் குப்பையில் போடுகிற துணிவு எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை. மேலே ஒரு கடதாசியை ஒட்டலாமா என்றார். ஒட்டினதைக் கண்டால் உரிக்காத பிள்ளை இந்தக் குடாநாட்டில் பிறந்திருக்கிறதா என்று கேட்டேன். அச்சகத்தில் இன்னொருமுறை ஓட்டலாமென்றால், இயந்திரத்தைக் கழுவிப் பூட்டிவிட்டு ஆட்கள் தங்கள் தங்கள் வீடுகளைக் கழுவப் போய்விட்டார்கள். கடைசியாக ஆசிரியர் குரலை இறக்கிச் சொன்னார்:

"பின்னேரம் ஐஞ்சு மணிக்குப் புத்தகம் கடைக்குப் போகவேணும். அதுக்குள்ள நண்டு போகவேணும். ஒரு முறைப்பாடு வந்தாலும் உன்ரை பெரியவீட்டுத் தம்பிக்கு இதுதான் கடைசிச் சாப்பாடு, பிள்ளை."

அறுநூறு பிரதிகள். ஒவ்வொன்றிலும் நான்கு கட்டத்தில் நண்டின் உருவம், ஐந்து இடத்தில் நண்டு என்ற சொல். நேரம் காலை ஒன்பது மணி. நான் விறாந்தைப் படியில் குந்தி ஒரு பிரதியை மடியில் விரித்து, அந்த நண்டை வெறித்துப் பார்த்தேன். உருண்டை உடம்பு, சுற்றிவரக் கால்கள், இரண்டு கவ்வு. உலகத்தில் வேறு எதற்கு இப்படி ஒரு உடம்பு? அக்கா மூலையில் கிடந்த மரக்கறிக் கூடையைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனார். கூடையின் மேலே ஒரு ராசவள்ளிக் கிழங்கு. கரிய உருண்டை, சுற்றிவர வேர், மேலே இரண்டு முளை. அக்காவைப் பிடித்து நிறுத்தி அதைப் பறித்தேன். பேனையை எடுத்து நண்டின் முதுகைக் கறுப்பாக்கினேன், காலை வேராக்கினேன், கவ்வை முளையாக்கினேன், கண்ணை அப்படியே விட்டேன். மாடிப்படியில் ஒரு ராசவள்ளிக் கிழங்கு உயிருக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தது. நண்டைவிட இது நூறு மடங்கு நன்றாக இருந்தது. சந்தோசத்தில் எனக்குத் துள்ளவேண்டும்போல் இருந்தது. நிலம் ஈரம், துள்ளவில்லை.

பத்து மணிக்குக் கணக்கு வகுப்பு. பதினெட்டுப் பிள்ளைகள் கொப்பியும் பென்சில் பெட்டியுமாகச் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். அக்கா பின்னம் பெருக்கல் இன்றைக்கு இல்லை என்று அறிவித்ததும் எழுந்த ஆரவாரம் கோயில் வரை கேட்டிருக்கும். நான் ஓட்டோவில் ஆசிரியர் வீட்டுக்குப் போய்ப் புத்தகக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் அக்கா ஏற்கெனவே சோதனை மண்டபம்போல மேசைகளை வரிசையாக்கியிருந்தார். முதல் வரிசை முதுகைக் கறுப்பாக்குவது. இரண்டாம் வரிசை கால்களை வேராக்குவது. மூன்றாம் வரிசை, கையெழுத்து நல்ல பிள்ளைகள், வெள்ளை மை பூசி நண்டு என்ற சொல்லை அழித்துக் கிழங்கு என்று எழுதுவது. நான் முன்னால் நின்று பெரிய தாளில் கீறிக் காட்டினேன். என் வாழ்க்கையில் அதுவரை யாருக்கும் எதையும் நான் படிப்பித்ததில்லை. பதினெட்டுத் தலையும் ஒன்றாகக் குனிந்து ஒன்றாகக் கிழங்கு கீறியபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது.

ஆபத்து வேறு இடத்திலிருந்து வந்தது. வெள்ளை மை காயவேண்டும், ஆனால் வீடு முழுக்க ஈரம். வைத்த புத்தகங்களின் அடி நனையத் தொடங்கியது. அக்கா ஓடிப்போய்த் துணி காயப்போடும் கொடியைக் காட்டினார். ஒவ்வொரு புத்தகமாக விரித்துக் கொடியில் கவிழ்த்தோம். கொடி நிறைந்ததும் மதிலில் வைத்தோம், மல்லிகைப் பந்தலில் வைத்தோம், பதினெட்டுச் சைக்கிளின் பாரிலும் ஹாண்டிலிலும் வைத்தோம். சோளகக் காற்று முற்றத்துக்குள் புகுந்து நூற்றுக்கணக்கான பெரியவீட்டுத் தம்பிகளை ஒரே நேரத்தில் புரட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, இந்த வருடம் புத்தகத்தையும் தோய்க்கிறீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன். பின்னே என்ன சொல்வது, நண்டு கழுவுகிறோம் என்றா?

ஒரு மணிக்கு இருநூறு முடிந்தது. பிள்ளைகளுக்குப் பாணும் சம்பலும் கொடுத்தோம். இரண்டு மணிக்குக் கறுப்புப் பேனைகள் வற்றத் தொடங்கின. பிள்ளைகளில் ஒருவன் கடைக்குப் பறந்தான். மூன்று மணிக்குப் பிள்ளைகள் களைத்துவிட்டார்கள், களைத்த பிள்ளைகளுக்குக் குறும்பு வரும். முதல் வரிசையில் ஒரு பெடியன் கிழங்குக்கு மீசை வைத்தான். அடுத்த மேசையில் அதற்குச் சப்பாத்துப் போட்டார்கள். நான் கத்தினேன். நேரம் போகப் போக என் குரல் ஆசிரியருடைய குரல்போலவே மாறியது எனக்கே கேட்டது. கடைசி இரண்டு கட்டுகளை நான் சரிபார்க்கவேயில்லை. நாலே முக்காலுக்கு அறுநூறும் முடிந்து, கட்டி, ஓட்டோவில் ஏறியது. எங்கள் எல்லோருடைய விரலும் கறுப்பு. அக்கா அந்த விறாந்தையை இரண்டாம் முறை கழுவினார்.

மறுநாள் கொடி ஏறியது. நான் அரோகரா சொன்னபோதும் ஒரு கண் வீதியில் கடை இருந்த பக்கம். கடைக்குப் பத்தடி தள்ளி, பஞ்சுபோன்ற இனிப்பை விற்கிற தும்பு முட்டாஸ்காரருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வேட்டியும் உருத்திராக்கமுமாக ஒரு பெரியவர் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பிரதி வாங்கி, அங்கேயே நின்று விரித்தார்.  பிள்ளைகள் இரண்டும் மற்றதின் பக்கத்தை எட்டிப் பார்த்தன. ஒன்றின் கிழங்குக்கு மீசை; மற்றதின் கிழங்குக்குச் சப்பாத்து. இரண்டும் சண்டை பிடித்துப் பெரியவரிடம் நீதி கேட்டன. அவர் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்த உருத்திராக்கம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நான் தும்பு முட்டாஸ் மூன்று வாங்கி மூன்றையும் நானே சாப்பிட்டேன்.

அதற்குள் கடையடியில் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். உன்னுடையதில் என்ன, என்னுடையதில் என்ன என்று பிரதிகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் ஒரு சின்னக் குரல், நாளைக்கு வருகினமாம் என்றது. யார் வருகிறார்கள்? கிட்டப் போய் அந்தப் பிள்ளையின் தோளுக்கு மேலால் பார்த்தேன். கடைசிக் கட்டம். மேசையின் தலைமாட்டில் வெள்ளித் தட்டம், தட்டத்தில் போன், போனுக்குள் தாயும் தகப்பனும். அவர்களுடைய பேச்சுக் குமிழியில் வெள்ளை மை பூசி, உருண்டையான அழகான எழுத்தில் வேறு ஒன்று எழுதியிருந்தது: "நாளைக்கு வாறம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீசை வைக்கட்டும், சப்பாத்துப் போடட்டும், அது கிழங்கு. இது என் வசனம். அவர்கள் வரமாட்டார்கள் என்பதில்தான் அந்த வீடே நிற்கிறது. சாரதி தட்டம் சுமப்பது அதற்காகத்தான், குசினிக்காரர் மயங்குவதும் அதற்காகத்தான். வந்துவிட்டால் அது யாருடைய வீடும் மாதிரி ஒரு வீடு. திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்து, கணக்கு நடந்துகொண்டிருந்ததைக்கூடப் பார்க்காமல், யார் எழுதியது என்று கேட்டேன். மூன்றாம் வரிசையில் இரட்டைப் பின்னல்காரி ஒருத்தி உடனே எழுந்து தான்தான் என்றாள். எத்தனை பிரதியில்? கடைசிக் கட்டு முழுக்க. ஏன்? கிழங்கு எழுதி முடிந்துவிட்டதாம், பேனை கையில் இருந்ததாம். நான் ஏசினேன், நன்றாகவே ஏசினேன். அவள் தலையைக் குனியவுமில்லை, அழவுமில்லை. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கூட்டியது. அக்காதான் என்னைக் கண்ணால் வெளியே அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை ஆசிரியர் போன் எடுத்தார். அவருடைய பெயரைத் திரையில் கண்டதும் முடிந்தது கதை என்று நினைத்தேன். நேற்றிலிருந்து போன் ஓயவில்லை என்றார். முறைப்பாடா சேர் என்று கேட்டேன். இல்லையாம். எடுக்கிறவர்கள் எல்லோரும் பிள்ளைகளாம். கிழங்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையாம். வந்துவிட்டார்களா, வந்துவிட்டார்களா என்று ஒரே கேள்வியாம். அந்தக் கட்டுப் பிரதி கிடைக்காத பிள்ளைகளும் கதை கேள்விப்பட்டு எடுக்கிறார்களாம்.

"இனி உவனை நிப்பாட்டேலாது, பிள்ளை. தாய் தேப்பனைக் கொண்டுவந்து இறக்கு."

நான் கத்திய சத்தத்தில் அக்காவின் கையிலிருந்த தேத்தண்ணி சிந்தியது. அவரைக் கட்டிப்பிடித்தேன், அவர் ஏன் என்று தெரியாமலே என்னைக் கட்டிப்பிடித்தார். என்னுடைய பெடியன் தப்பிவிட்டான். பின்னல்காரி மீதிருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அன்றே கடதாசியை விரித்து உட்கார்ந்தேன். விமானம் இறங்குகிறது. சாரதி வாழ்க்கையில் முதல்முறை கேற்றைத் தாண்டிக் காரை ஓட்டி வீதியிலேயே மயங்குகிறார். மயங்கும் தன் வேலையைப் பறித்துவிட்டார் என்று குசினிக்காரர் அவரோடு சண்டைக்கு நிற்கிறார். பதினேழு பெட்டிகள் இறங்குகின்றன. ஆறு கட்டமும் பறந்தன. ஏழாவது கட்டத்தில் வாசல். தாயும் தகப்பனும் வாசலில் நிற்கிறார்கள். பெரியவீட்டுத் தம்பி மாடிப்படியில் நிற்கிறான். அவனுடைய வாய்க்கு மேலே பேச்சுக் குமிழியைக் கீறினேன்.

அந்தக் குமிழிக்குள் போட ஒரு சொல் என்னிடம் இல்லை. அம்மா என்று எழுதினேன், சினிமாபோல இருந்தது. அழித்தேன். என்ன கொண்டுவந்தீர்கள் என்று எழுதினேன், அவனை நானே கேவலப்படுத்தியதுபோல இருந்தது. அதையும் அழித்தேன். இரண்டு நாள் அழித்து அழித்துக் கடதாசியில் ஓட்டை விழுந்தது. வாசலுக்கு எத்தனை அடி அகலம் வைக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த வாசலால் ஆட்கள் உள்ளே வந்தால் என்ன நடக்கும் என்று தெரியாது. நான் கீறிய வீடு எதற்கும் குடிபூரலைத் தாண்டி நான் போனதில்லை.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் பின்னல்காரியைக் கூப்பிட்டேன். மறுபடியும் ஏச்சுத்தான் என்று நினைத்திருப்பாள், நிமிர்ந்துகொண்டு வந்தாள். நான் கடதாசியை அவள் முன்னால் வைத்து, தாய் தகப்பனை நீதானே கூப்பிட்டாய், இப்போது இவன் முதல் என்ன சொல்வான் என்று நீயே சொல் என்றேன். அவள் புத்தகப்பையைத் தோளிலிருந்து இறக்கினாள். வாசலைப் பார்த்தாள், மாடிப்படியைப் பார்த்தாள். 

"ஒண்டும் சொல்லமாட்டான், மிஸ். ஓடிப்போய் ஒளிப்பான்."

ஏன் ஒளிக்கவேண்டும், அவனுக்கு விருப்பமில்லையா என்று கேட்டேன். விருப்பம்தான் என்றாள். அவளுடைய அப்பா போன வருடம்தான் வெளிநாட்டிலிருந்து வந்தாராம், அவள் பிறந்த பிறகு முதல்தடவையாக. ஒவ்வொரு நாளும் போனில் கதைப்பார்களாம். படிக்கிற கதை, சாப்பிட்ட கதை, எல்லாம். அவர் வருகிற நாளுக்குச் சுவரில் கோடு போட்டு எண்ணினாளாம். வாசலில் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவிட்டாளாம்.

"போனில அப்பாவுக்கு முகம் மட்டும்தானே, மிஸ். அவ்வளவு உயரம் எண்டு எனக்குத் தெரியாது."

எவ்வளவு நேரம் கட்டிலுக்குக் கீழே இருந்தாய் என்று கேட்டேன். கேட்டுவிட்டு, என்ன மொக்குக் கேள்வி என்று என்னையே நொந்துகொண்டேன். அவள் அதற்கும் சரியாக யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"அவரும் கீழ வந்து படுக்கும் மட்டும்."

அவள் பையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துப் போனாள். நான் பேச்சுக் குமிழியை அழித்தேன். அடுத்த கட்டத்தில் பெரிய கட்டில் ஒன்றைக் கீறி, அதன் கீழே இரண்டு பேர் படுக்க இடம் விட்டேன்.